பசியாறுறதுக்கு முன்னாடி இருதயம் எதை எரிக்குது?

எல்லாருக்கும் வணக்கம். பசியாறிட்டீங்களா? இன்னும் இல்லன்னா, ராத்திரிலேர்ந்து வயிறு காலியா கெடக்குதில்ல, இந்நேரம் உங்க இருதயம் பெரும்பாலும் கொழுப்ப எரிச்சித்தான் துடிச்சிக்கிட்டு இருக்கு. ஆமாங்க, கொழுப்புதான். நாசி கண்டார் கடையில குழம்ப பஞ்சிரா, அதாவது வெள்ளமா, ஊத்தச் சொல்லிட்டு அப்புறம் "ஹார்ட்டுக்கு ஆகாதே"ன்னு பயப்படுறோமே, அந்தக் கொழுப்பு உடைஞ்சு வர்ற கொழுப்பு அமிலம்தான் இருதயத்துக்கு அன்றாடச் சோறு. சக்தியில 60, 70 சதவீதம் அதுலேர்ந்து வருது, மிச்சம் குளுக்கோஸ், அது உடைஞ்சு வர்ற லாக்டேட் மாதிரி பொருளுங்க.

நான் மொத மொதல்ல லேப்ல எலி இருதயத்த பாத்தது இன்னும் கண்ணுலயே நிக்குது. மயக்கம் கொடுத்து எடுத்த இருதயம், ஒரு கிராம் சொச்சம்தான் எடை, அத கண்ணாடிக் குழாயில தொங்க விட்டு 37 டிகிரி சூட்டுல ஆக்சிஜன் கலந்த உப்புத்தண்ணியும் குளுக்கோஸும் ஓட விட்டாங்க, மூளை இல்ல, உடம்பு இல்ல, ரத்தங்கூட இல்ல, அது பாட்டுக்கு துடிக்குது! கூட நின்ன மலாய்த் தோழி வாய்க்குள்ளயே துவா சொல்லிக்கிட்டா, எனக்கு கண்ணு கலங்கிருச்சு. 1895ல ஜெர்மனியில லாங்கென்டார்ஃப்ங்கிற விஞ்ஞானி கொண்டு வந்த முறை, இன்னிக்கும் அதேதான் செய்றோம்.

இப்ப அந்தத் தண்ணியில கொழுப்பு அமிலத்த சேக்கணும். தண்ணியில கரையாதே, அதனால ஆல்புமின்ங்கிற புரதத்து முதுகுல ஏத்தி விடணும். சேத்ததும் குளுக்கோஸ் செலவு கொறைஞ்சிடும். 1963ல இங்கிலாந்துல ரேண்டில்ங்கிற விஞ்ஞானியோட குழு எலி இருதயத்த வச்சு சொன்னது இதைத்தான். கொழுப்பு வந்து நின்னா குளுக்கோஸ் ஒதுங்கிக்கும். நீங்க பசியாறினதும் இன்சுலின் ஏறி, ரத்தத்துல கொழுப்பு அமிலம் எறங்கி, குளுக்கோஸ் முன்னுக்கு வருது. திரும்பவும் சொல்றேன், ரெண்டும் வேணும், மாத்தி மாத்தி வேணும்.

இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், வந்த எலிகள்ல இந்த மாத்துறதுதான் கெட்டுப்போவுது. இருதயம் கொழுப்பையே புடிச்சிக்கிட்டு நிக்கும், எரியுறத விட வர்றது கூடிப்போயி செல்லுக்குள்ளயே தங்கி, பம்ப் பண்ற பலம் கொறையுது. அதோட, அதே சக்திய கொழுப்புலேர்ந்து எடுக்க சுமாரா 10 சதவீதம் ஆக்சிஜன் கூட வேணும், ரத்தக்குழாய் அடைச்ச நேரத்துல அதுக்கு எங்க போறது?

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சுன்னு கை காட்டுறாங்க. மருந்து பத்தி சொல்ல வந்தேன், சுருக்கமா, கொழுப்பு எரியுறத கொஞ்சம் கொறைச்சு குளுக்கோஸுக்கு வழி விடுற டிரைமெட்டாசிடின்னு ஒரு நெஞ்சுவலி மாத்திரை இருக்கு. ஆனா எலி இருதயம் நம்மளத விட நாலஞ்சு மடங்கு வேகமா துடிக்கிறது, அதுல பாத்தத அப்படியே நமக்குப் போட்டுப் பாக்கக் கூடாது. நன்றி, வணக்கம்.