பூம்பூம் மாடும் பெர்லின் குதிரையும்

நேயர்களுக்கு வணக்கம்.

பூம்பூம் மாட்டைப் பார்த்திருப்பீர்கள். முதுகில் பழைய பட்டுத் துணி, கழுத்தில் மணி. மாட்டுக்காரர் உறுமியை இழுத்தபடி, "இந்த வீட்டுல சீக்கிரம் கல்யாணம் நடக்குமா, சொல்லு" என்பார். மாடு தலையாட்டும். கயிற்றாலோ குரலாலோ அவர் அதைப் பழக்கிவைத்திருக்கிறார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பழக்கியவருக்கே தெரியாமல் ஒரு பிராணி அவரைப் பார்த்துத் தலையாட்டினால்? மனிதருக்கும் விலங்குக்கும் உள்ள தூரத்தை அளக்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

விழுந்தவர்களில் பேர்பெற்றவர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன். பெர்லினில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஹான்ஸ் என்ற குதிரைக்குப் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல ஆண்டுக்கணக்கில் சொல்லித் தந்தார். கூட்டல், பின்னம், இன்றைக்கு என்ன தேதி என்று எதைக் கேட்டாலும் ஹான்ஸ் முன்னங்காலால் தரையைத் தட்டும். ஐந்தும் மூன்றும் எத்தனை? எட்டுத் தட்டு, நின்றுவிடும். வாத்தியார் வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் காசு வாங்கவில்லை. வேறு ஆள் கேட்டாலும் குதிரை சரியாகவே சொன்னது. 1904இல் கார்ல் ஸ்டும்ப் என்ற உளவியலாளர் தலைமையில் ஒரு குழு வந்து பார்த்து, இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. அறிக்கை சரிதான். வாத்தியார் யாரையும் ஏமாற்றவில்லை.

ஸ்டும்ப்பின் உதவியாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் மட்டும் விடவில்லை. அவர் செய்ததைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். கேட்பவர் கண்ணில் படாதபடி எண் அட்டையைக் குதிரைக்கு மட்டும் காட்டச் சொன்னார். குதிரை தட்டிக்கொண்டே போனது, விடை தாறுமாறு. அடுத்து, கேட்பவரைப் பார்க்க முடியாதபடி குதிரையின் கண்ணுக்குப் பக்க மறைப்புக் கட்டினார். அப்போதும் தாறுமாறு. அதாவது விடை தெரிந்த ஓர் ஆள் எதிரே நிற்க வேண்டும், குதிரையின் கண்ணுக்கு அவர் தெரியவும் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் ஹான்ஸுக்குக் கணக்கு வரும்.

பிறகு அவர் குதிரையை விட்டுவிட்டு மனிதர்களைக் கவனித்தார். கேள்வி கேட்டு முடித்ததும் குளம்பைப் பார்ப்பதற்காக நாம் தலையை லேசாகக் குனிகிறோம். அதைப் பார்த்துக் குதிரை தட்டத் தொடங்குகிறது. சரியான எண் வந்ததும் நம்மை அறியாமல் தலை ஒரு மயிரிழை நிமிர்கிறது. குதிரை நிறுத்திவிடுகிறது. அவ்வளவுதான். ஃபுங்ஸ்ட் அந்த அசைவை அடக்கிப் பார்த்தார், அவராலேயே முடியவில்லை. பிறகு தானே குதிரையாகி மேசையைக் கையால் தட்டி, எதிரே இருப்பவர் நினைத்த எண்ணில் நிறுத்திக் காட்டினார்.

ஹான்ஸ் கணக்கில் பூஜ்யம் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. அந்த முற்றத்தில் கூடியிருந்த அத்தனை பேரில், மயிரிழை அசைவைப் படித்தது குதிரை ஒன்றுதான். படித்தது நம்மை.

இதை உங்கள் வீட்டு நாயிடம் நாளைக்கே சோதிக்கலாம். இரண்டு கொட்டாங்குச்சி போதும். இரண்டின் உட்புறத்திலும் கருவாட்டை நன்றாகத் தேயுங்கள். ஒன்றில் மட்டும் தேய்த்தால் நாய் மூக்கால் கண்டுபிடித்துவிடும், சோதனை கெட்டது. ஒன்றின் கீழ் மட்டும் துண்டு வையுங்கள். எதன் கீழ் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். இரண்டையும் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் கவிழ்த்து, நடுவில் நிமிர்ந்து நின்று விரலால் காட்டுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி இன்னொருவர் நாயைப் பிடித்திருக்க வேண்டும், எதன் கீழ் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவே கூடாது. நீங்கள் காட்டும்போது அவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். தெரிந்தால் அவர் கை கயிற்றை அந்தப் பக்கம் தளர்த்தும். ஆமாம், ஹான்ஸ் கதையேதான்.

12 தடவை செய்யுங்கள். 6 சரி என்றால் அது குருட்டு அதிர்ஷ்டம். 10 அல்லது அதற்கு மேல் வந்தால், தற்செயலாக அப்படி வருவது நூற்றில் இரண்டு தடவைதான். பிறகு விரல் காட்டாமல் இன்னொரு 12 தடவை. அதிலும் 10 வந்தால், மூக்கு வேலை செய்கிறது என்று அர்த்தம். எப்போதும் இடப்பக்கமே ஓடுகிற நாய்களும் உண்டு. அவற்றின் கணக்கைத் தள்ளிவிடுங்கள்.

நாய்கள் இதில் பெரும்பாலும் தேறிவிடுகின்றன. நமக்கு மிக நெருங்கிய உறவான சிம்பன்சி இதே மாதிரிச் சோதனைகளில் நாய்க்குப் பின்தான் நிற்கிறது. புத்திக் குறைவு இல்லை. ஒருவர் தனக்காக, தானாக வந்து வழி காட்டுவார் என்பது அதன் வாழ்க்கையில் அரிது.

சிம்பன்சியின் புத்திக்கு இன்னொரு சோதனை சொல்கிறேன். 2005இல் விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் வெளியிட்டது. ஒரு பெட்டி, மேலே ஒரு துளை, முன்னால் ஒரு கதவு. செய்து காட்டுபவர் முதலில் மேல் துளையில் குச்சியை விட்டுக் குத்துவார், பிறகு கதவு வழியாகப் பரிசை எடுப்பார். கறுப்புப் பெட்டியில் சிம்பன்சிகளும் அப்படியே செய்தன, மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். அடுத்து உள்ளே தெரிகிற கண்ணாடி போன்ற பெட்டி. மேலே குத்துவது ஒரு தட்டில் இடிக்கிறது, பரிசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பளிச்சென்று தெரிகிறது. சிம்பன்சிகள் பெரும்பாலும் குத்துவதை விட்டுவிட்டு நேரே கதவுக்குப் போயின. நம் பிள்ளைகள்? மேலே குத்திவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள்.

தொப்பி வியாபாரி கதையில் குரங்குகள் அவரைப் பார்த்துத் தொப்பியைக் கீழே எறியுமே, அதைத் திருப்பித்தான் சொல்ல வேண்டும். மரத்தில் இருந்தது நாம். வீண் வேலையையும் சேர்த்து அச்சாகப் பார்த்துச் செய்வதால்தான், காரணம் தெரியாமலே நம் கைக்கு எத்தனையோ வித்தை வந்து சேர்ந்திருக்கிறது. மரவள்ளிக் கிழங்கில் சயனைடு நஞ்சு இருப்பது வேதியியல் வருவதற்கு முன் யாருக்குத் தெரியும்? அமெரிக்கப் பழங்குடிகள் கசப்பு மரவள்ளியைத் துருவி, பிழிந்து, பிறகே சமைத்தார்கள். இடையில் ஒரு படியை வீண் என்று விட்டிருந்தால் நஞ்சு வயிற்றுக்குள் போயிருக்கும். வீண் சடங்குகளும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன, அது வேறு கதை.

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார். நேரம் சொல்கிறார், புரிகிறது. அதுவும் நம் இனத்தின் பழக்கம்தான். குழந்தை ஒரு வயதை ஒட்டி நிலாவைச் சுட்டிக்காட்டுவதைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன். நிலா தனக்கு வேண்டும் என்று மட்டும் காட்டுவதில்லை, நீயும் பார் என்றும் காட்டுகிறது. அதை விரிக்க இப்போது முடியாது.

தொல்காப்பிய மரபியலை மட்டும் தொட்டுவிடுகிறேன். "மக்கள் தாமே ஆறறி வுயிரே" என்று மேடைதோறும் சொல்கிறோம். இளம்பூரணர் உரை கொண்ட பாடத்தில் அதை அடுத்தே "ஒருசார் விலங்கும் உளவென மொழிப" என்று இன்னொரு சூத்திரம் இருக்கிறது. விலங்கிலும் சில ஆறறிவு உடையவை என்பது பொருள். உரை கிளியையும் குரங்கையும் யானையையும் காட்டுகிறது. யானைக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். வணக்கம்.