கூரை போடாத ஜனவரி

அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவில் பேச அழைத்தபோது, காளையையும் வாடிவாசலையும் பற்றி வேறு யாராவது பேசட்டும், நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன் என்றுதான் செயலாளரிடம் சொன்னேன். "மினசோட்டாவில் காளைக்கு எங்கே போவது? ஒவ்வொரு வாரமும் கார் நிறுத்தும் இடத்தில் எங்களைப் பிடித்துவைத்துக்கொண்டு பேசுகிறீர்களே, அதையே மேடையில் ஒரே தடவையாகப் பேசி முடித்துவிடுங்கள்" என்றார். ஆகவே இன்றைய பேச்சு பனியும் அமெரிக்கக் கால்பந்தும். சர்க்கரைப் பொங்கலுக்குப் பிறகு யாருக்காவது கண் சொக்கினால் குறை சொல்ல மாட்டேன்.

நான் ஆட்ட வல்லுநன் இல்லை. தேனிப் பக்கத்திலிருந்து வந்த மின்பொறியாளன். அந்தப் பந்தை ஒழுங்காகப் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனால் எனக்கு ஒரு கட்சி இருக்கிறது. ஜனவரி மாதத்துப் பிளேஆஃப் ஆட்டங்களைத் திறந்த வானத்தின் கீழேயே ஆட வேண்டும். ஆனால் பகலில் ஆட வேண்டும். இந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

பிளேஆஃப் என்ற சொல்லை ஐபிஎல் நமக்குப் பழக்கிவிட்டது. அங்கே முதல் இரண்டு இடங்களைப் பிடித்த அணிகளுக்குத் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. இங்கே அந்தக் கருணை கிடையாது. என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீகின் 32 அணிகளில் 14 உள்ளே வரும்; ஒரு தடவை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இறுதி ஆட்டத்தைத் தவிர மற்றவை, மேலே நிற்கும் அணியின் சொந்த ஊரில் நடக்கும். அந்த ஊர் கிரீன் பே என்றோ பஃபலோ என்றோ அமைந்துவிட்டால், விருந்தாளி அணி எதிரணியோடும் வாடைக் காற்றோடும் மோத வேண்டும்.

'பனி' என்று சொல்லும்போதே எனக்கு ஒரு சங்கடம். மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கும் துளிக்கும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக உதிர்வதற்கும் பனி, வாசல்படியில் நம்மை வழுக்கிவிட்டு இடுப்பை ஒடிக்கும் பாறைக்கும் பனி. முன்பனி, பின்பனி என்று பருவத்தையே இரண்டாகப் பிரித்த நம்மவர்கள் பஃபலோவுக்குப் போயிருந்தால் குறைந்தது பத்துச் சொற்களாவது கண்டுபிடித்திருப்பார்கள்.

இந்த லீகின் முதல் பிளேஆஃப் ஆட்டமே குளிருக்குப் பயந்து கூரைக்குள் ஓடியது என்பது பலருக்குத் தெரியாது. 1932 டிசம்பர் 18. சிகாகோ பேர்ஸ் அணியும் போர்ட்ஸ்மத் ஸ்பார்ட்டன்ஸ் அணியும் சமமாக நின்றதால் ஒரு கூடுதல் ஆட்டம் தேவைப்பட்டது. ஊரெல்லாம் பனி மூடியிருந்தது. சிகாகோ ஸ்டேடியம் என்ற உள்ளரங்கில் சற்றுமுன் சர்க்கஸ் நடந்திருந்தது; அதற்குக் கொட்டிய மண்ணும் மிருகங்கள் விட்டுச்சென்ற வாசனையும் அப்படியே இருந்தன. அங்கே வைத்து ஆடினார்கள். முழு நீளக் களத்துக்கு இடமில்லை என்பதால் குறுக்கிக்கொண்டார்கள். சிகாகோ 9–0 என்று வென்றது. சுவர் நெருக்கமாக இருந்ததால் பந்தை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்து ஆடினார்கள். அந்த ஏற்பாடு அடுத்த ஆண்டே நிரந்தர விதியாகிவிட்டது. ஒரு பனிப்புயல் விதிப் புத்தகத்தையே திருத்தியிருக்கிறது. கூரைக் கட்சிக்காரர்களுக்கு நான் விட்டுக்கொடுக்கும் ஒரே வாதம் இது.

இனி என் பக்கத்து வாதம். 1967 டிசம்பர் 31, கிரீன் பேயின் லாம்போ ஃபீல்ட். பேக்கர்ஸும் டல்லஸ் கவ்பாய்ஸும் மோதிய சாம்பியன்ஷிப் ஆட்டம். பகல் ஒரு மணிக்குத் தொடங்கியபோது சுமார் மைனஸ் 25 டிகிரி. செல்சியஸில்தான் சொல்கிறேன், ஊரில் படித்த கணக்கு அதுதான், மன்னித்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி புல்லுக்கு அடியில் மின்கம்பிகளைப் புதைத்துத் தரையைச் சூடாக்கும் ஏற்பாட்டை அந்த ஆண்டுதான் செய்திருந்தார். செலவு 80,000 டாலர். மின்பொறியாளனாக எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். களத்தை மூடியிருந்த தார்ப்பாயை விலக்கியபோது அடியில் ஈரம் கசிந்திருந்தது. அந்தக் காற்றுக்கு முன்னால் கம்பிகள் தோற்றன. ஈரம் அப்படியே உறைந்து கண்ணாடியாகிவிட்டது. சூடாக்க வைத்த ஏற்பாடே வழுக்குத் தரையைச் செய்து கொடுத்தது.

நடுவர் ஒருவரின் உலோக விசில் உதட்டோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அதன்பிறகு வாயால் கத்தியே ஆட்டத்தை நடத்தினார்கள். இடைவேளையில் வாசிக்க வந்த கல்லூரி இசைக்குழுவின் கருவிகள் உறைந்துவிட்டன. வாசிக்க வந்த பிள்ளைகள் சிலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஐம்பதாயிரம் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள்.

கடைசிக் கட்டத்தைக் கேளுங்கள். பேக்கர்ஸ் 14–17 என்று பின்தங்கியிருக்கிறது. 16 வினாடிகள் மிச்சம். எதிரணியின் இலக்குக் கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு கெஜ தூரம். இடைநிறுத்தம் எதுவும் கையில் இல்லை. ஃபீல்ட் கோல், அதாவது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி, கிடைத்தால் சமன். ஆனால் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் வழுக்கி வழுக்கி விழுவதைக் ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொருவர் கையில் கொடுத்து அவர் வழுக்குவதைவிட, நின்ற இடத்திலிருந்து நானே நுழைந்துவிடுகிறேன் என்று முடிவு செய்தார். பயிற்சியாளருக்குத் தெரியும், களத்தில் இருந்த சக வீரர்களுக்குத் தெரியாது. ஜெர்ரி கிரேமர் திறந்துவிட்ட இடைவெளியில் விழுந்து, பந்தைக் கோட்டுக்கு அப்பால் சேர்த்து டச்டவுன் எடுத்தார். 21–17.

உலர்ந்த தரையாக இருந்திருந்தால் அந்த முடிவை அவர் எடுத்திருக்கத் தேவையே இல்லை. குளிர் ஆட்டத்தைக் கெடுக்கிறது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று அந்த உறைந்த தரைதான் ஸ்டாரை யோசிக்கவைத்தது. அதே பேக்கர்ஸ் இரண்டு வாரம் கழித்துச் சூப்பர் பௌலை எங்கே ஆடி வென்றார்கள் தெரியுமா? மயாமியில். அந்த ஆட்டத்தில் பந்து எங்கே போனது என்று என் அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. கிரீன் பே ஆட்டத்தைப் பற்றி, அன்று பிறக்காதவர்கள்கூட நேரில் பார்த்ததுபோலப் பேசுகிறார்கள்.

பந்துக்கு என்ன ஆகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விதிப்படி பந்துக்குள் சதுர அங்குலத்துக்கு 12.5 முதல் 13.5 பவுண்டு அழுத்தம் இருக்க வேண்டும். அறைக்குள் 13 பவுண்டுக்கு ஊதிய பந்தை மைனஸ் 21 டிகிரியில் முழுவதும் குளிரவிட்டால் அழுத்தம் 9 பவுண்டுக்கு வந்துவிடும். பள்ளிக்கூட வாயு விதிதான். மேல் தோல் வேறு விறைத்துப்போகும். உதைத்தால் எழும்பாது; உதைத்தவரின் பாதம்தான் வலிக்கும்.

மைனஸ் 21 என்று ஏன் சொன்னேன் என்பது இங்கே பலருக்குப் புரிந்திருக்கும். பின்வரிசையில் ஒருவர் இப்போதே தலையைப் பிடித்துக்கொள்கிறார். 2016 ஜனவரி 10. நம் மினசோட்டா வைக்கிங்ஸ். புதிய அரங்கு கட்டி முடியாததால் பல்கலைக்கழகத்தின் திறந்த மைதானத்தில் சியாட்டிலோடு ஆடினார்கள். நாணயம் சுண்டுவதற்கு நடுக்களத்துக்கு வந்தவர் பழைய பயிற்சியாளர் பட் கிராண்ட். வயது 88. அரைக்கைச் சட்டை! பழைய மெட் ஸ்டேடியத்தில் பயிற்சியாளராக இருந்தபோது, களத்தின் ஓரத்தில் தம் வீரர்களுக்குக் கணப்பு வைக்க விடாதவர் அவர். அந்த மெட் ஸ்டேடியம் எங்கே என்று கேட்காதீர்கள். நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறோமே, மால் ஆஃப் அமெரிக்கா, அது நிற்பது அந்த மண்ணில்தான்.

அன்று பிளேர் வால்ஷ் மூன்று ஃபீல்ட் கோல் உதைத்தார். நம்முடைய ஒன்பது புள்ளிகளும் அவர் கால் சம்பாதித்தவை. சியாட்டில் 10. கடைசியில் 22 வினாடிகள் இருக்கும்போது 27 கெஜத்திலிருந்து ஓர் உதை. உறக்கத்தில்கூட உள்ளே போகும் தூரம். இடது பக்கமாக வெளியே போனது. என் வீட்டில் அன்று இரவு யாரும் சாப்பிடவில்லை என்று சொன்னால் மிகை. சாப்பிட்டோம், யாரும் பேசவில்லை. அடுத்த சில நாட்களில் ப்ளெய்ன் நகரத்துப் பள்ளி ஒன்றின் முதல் வகுப்புக் குழந்தைகள் அவருக்கு ஆறுதல் கடிதம் எழுதினார்கள். அவரும் அந்த வகுப்புக்கே போய் நன்றி சொன்னார். குளிரின் மேல் பழியைப் போட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் போடவில்லை. நான் போடுகிறேன், அது வேறு.

'குளிர் தாங்குகிறவன்தான் ஆண்பிள்ளை' என்ற பேச்சு மட்டும் எனக்குப் பிடிக்காது. 1982 ஜனவரி 10 அன்று சின்சினாட்டியில் மைனஸ் 23 டிகிரி. பெங்கால்ஸ் அணியின் முன்வரிசைத் தடியர்கள், தங்களுக்குக் குளிரவில்லை என்று காட்டுவதற்காகவே கை மூடாத சட்டையோடு ஆடினார்கள். எதிரே சான் டியேகோ சார்ஜர்ஸ். எட்டே நாட்களுக்கு முன் மயாமியின் புழுக்கத்தில் கூடுதல் நேரம் வரை ஆடி வென்ற அணி. மயாமியில் அந்த அணியின் வீரர் கெல்லன் வின்ஸ்லோவை இரண்டு தோழர்கள் தாங்கிப் பிடித்துத்தான் வெளியே அழைத்துப் போனார்கள். அங்கிருந்து இங்கே. 27–7 என்று தோற்றார்கள். அந்த வெறுங்கைகளை இன்றும் தொலைக்காட்சியில் காட்டிப் புல்லரிக்கிறார்கள். ஆட்டக்காரருக்காவது ஓட்டம் உண்டு, ஓரத்தில் கணப்பு உண்டு, பக்கத்தில் மருத்துவர் உண்டு. அதைப் பார்த்துவிட்டுக் பார்வையாளர் வரிசையில் சட்டையைக் கழற்றுகிறானே ஒரு பையன், அவனுக்கு என்ன உண்டு?

2024 ஜனவரி 13-க்கு வருகிறேன். கான்சஸ் சிட்டியில் சீஃப்ஸும் மயாமியும். மைனஸ் 20, காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் உடம்புக்கு மைனஸ் 33. சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸின் தலைக்கவசத்திலிருந்து ஒரு துண்டு கண்ணாடிபோல உடைந்து தெறித்தது. அவர்களுடைய பயிற்சியாளர் ஆண்டி ரீடின் மீசையில் பனிக்குச்சிகள் தொங்கின. எல்லோரும் படம் எடுத்துச் சிரித்தோம். நானும் சிரித்தேன். சில வாரங்கள் கழித்து வந்த செய்தியைப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அன்று அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலருக்கு, குளிரில் செத்துப்போன விரல்களை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது என்று அந்த ஊர் மருத்துவமனை ஒன்று தெரிவித்தது.

அந்த ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கியது? உள்ளூர் நேரம் இரவு ஏழு மணி. சூரியன் போய் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. எதற்காக இரவு? நாட்டின் பெரும்பகுதிக்கு இணையத்தில் மட்டும் ஒளிபரப்பான முதல் பிளேஆஃப் ஆட்டம் அது. சந்தா கட்டியவர்கள் வரவேற்பறையில் உட்காரும் நேரம் அது. 1967-இல் கிரீன் பேயில் ஒரு மணிக்குத் தொடங்கினார்கள். நாம் தோற்ற 2016 ஆட்டம்கூட நண்பகலில்தான். மைனஸ் இருபதில் வெயிலும் பெரிய உபகாரம் செய்துவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் படும்; வீடு திரும்பும் பாதை கண்ணுக்குத் தெரியும்; பாட்டியும் பேரனும் நள்ளிரவில் உறைந்த காரைத் தேட வேண்டியிருக்காது.

அடுத்த நாளே பஃபலோவில் நடந்ததையும் பாருங்கள். ஈரி ஏரி இன்னும் உறையாமல் இருக்கும் பருவத்தில் கடுங்குளிர்க் காற்று அதன் நீளவாட்டில் வீசினால், வழியெல்லாம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து கரையேறியதும் கொட்டும். ஒரு தெருவில் இடுப்பளவு கிடக்கும். சில மைல் தள்ளி நட்சத்திரம் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை சாலையில் வண்டி ஓட்டவே தடை. ஆட்டத்தைத் திங்கட்கிழமைக்கு மாற்றினார்கள். "பனிக்குப் பயந்த பஃபலோவா?" என்று கேலி செய்தார்கள். என்னைக் கேட்டால் அந்த ஆண்டு எடுத்த நல்ல முடிவு அது ஒன்றுதான். மணிக்கு 20 டாலர் கூலிக்கு ஊர்க்காரர்களே வந்து மண்வாரியால் அள்ளினார்கள். அள்ளியும் தீரவில்லை; ரசிகர்கள் தங்கள் இருக்கையைத் தாங்களே தோண்டி எடுத்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு டச்டவுனுக்கும் கைநிறையப் பனியை வானத்தில் இறைத்தார்கள். 31–17, பஃபலோ வென்றது. களத்தில் குளிர் இருந்தது. புயலுக்குள் யாரும் ஆட்டத்துக்காக வண்டி ஓட்ட வேண்டியிருக்கவில்லை. எனக்கு அது போதும்.

கூரை போட்டுவிட்டால் தொல்லையே இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரிலேயே போட்டுப் பார்த்தோம். 2010 டிசம்பர் 12, மெட்ரோடோமின் கூரை பனிப் பாரம் தாங்காமல் கிழிந்து உள்ளே கொட்டியது. வைக்கிங்ஸ் டெட்ராய்ட்டுக்குப் போய் ஆட வேண்டியதாயிற்று. இப்போதிருக்கும் அரங்கு உறுதியானது, அழகானது. உள்ளே சட்டையோடு உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடலாம். வெளியே ஜனவரி நடந்துகொண்டிருப்பது மட்டும் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் நாலரை மணி நேரம் கார் ஓட்டி லாம்போ ஃபீல்டுக்குப் போனேன். வைக்கிங்ஸ் தொப்பியைக் காரிலேயே ஒளித்து வைத்துவிட்டேன். கால் உறை மூன்று அடுக்கு. இரண்டாம் கால்பகுதிக்குள் பாதம் மரத்துவிட்டது. பக்கத்தில் இருந்த மூதாட்டி என் காலைப் பார்த்தார். தம் காலுக்கு அடியில் கிடந்த அட்டைப் பெட்டியைப் பாதியாகக் கிழித்து என் பக்கம் தள்ளினார். காங்கிரீட் தரைதான் சூட்டை உறிஞ்சுகிறதாம். காலுக்கும் தரைக்கும் நடுவே ஓர் அட்டை போதுமாம். போதுமாகத்தான் இருந்தது. இவ்வளவு படித்தும் எனக்குத் தோன்றவில்லை.

பஃபலோவில் பழைய மைதானத்துக்கு எதிரே 2026-இல் திறப்பதற்கென்று ஒரு புதிய மைதானம் கட்டினார்கள். அதன் வடிவமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. இருக்கைகளில் பெரும்பகுதிக்கு மேலே விதானம். ஆடுகளத்துக்கு மேலே வானம். பார்க்கிறவர்களுக்கு மறைப்பு, ஆடுகிறவர்களுக்குப் பனி. அங்கே ஒரு பிளேஆஃப் ஆட்டத்தைப் பகல் ஒரு மணிக்கு வைக்கட்டும், நானே டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறேன். கூட வருகிறவர்கள் கை தூக்குங்கள். அட்டைப் பெட்டி நான் கொண்டுவருகிறேன்.