மாடல் விமானத்துக்கு பேட்டரியா, என்ஜினா?

[காட்சி: வற்றிக் கிடக்கும் ஏரி. காலை ஆறரை மணி. தரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மாடல் விமானங்கள்.]

வணக்கம். இடப்பக்கம் நிற்பது பால்சா என்ற இலேசான மரத்தில் செய்த பயிற்சி விமானம். மூக்கில் 7.5 சிசி குளோ என்ஜின், மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடுவது. வலப்பக்கம் நிற்பது ஃபோம் விமானம், அதில் இருப்பது பேட்டரியில் ஓடும் பிரஷ்லெஸ் வகை மின்மோட்டார். போன மாதம் என் அக்கா மகன் இரண்டையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, எனக்குச் சத்தம் போடுற பிளேன்தான் வேணும்" என்றான். நான் வாங்கிக் கொடுத்தது மற்றதை. அவனுக்கு அன்றைக்குச் சொன்ன காரணங்களைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

[நெருக்கக் காட்சி: சமையலறைத் தராசில் ஒரு லைப்போ பேட்டரி.]

முதலில் எடை. இது லைப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. 3 செல், 2200 எம்ஏஎச். தராசு 180 கிராம் காட்டுகிறது. முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தாலும் 180, தீர்ந்துபோனாலும் அதே 180. குளோ விமானத்தின் டேங்கில் 300 மில்லி எரிபொருள் பிடிக்கும், கால் கிலோவுக்குச் சற்று மேல். இறங்கும்போது அது கிட்டத்தட்ட காலியாகியிருக்கும். பறக்கப் பறக்க விமானம் இலேசாகிக்கொண்டே வரும்.

ஒரு கிலோ லைப்போ பேட்டரி சுமார் 150 வாட்-மணி ஆற்றலை வைத்திருக்கும். ஒரு கிலோ மெத்தனாலில் சுமார் 5,500, பெட்ரோலில் சுமார் 12,000. இதைக் கேட்டதும் பேட்டரி எதற்கு என்று தோன்றும். ஆனால் இவ்வளவு சின்ன என்ஜினில், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் புரொப்பெல்லருக்குப் போய்ச் சேரும். மற்றதெல்லாம் சூடாகவும் எரியாத எரிபொருளாகவும் சைலன்சர் வழியே வெளியே போய்விடும். மோட்டாரோ வாங்கியதில் பத்தில் எட்டுப் பங்கைத் திருப்பிக் கொடுக்கும். அதனால் மெத்தனாலோடு ஒப்பிட்டால் அந்தப் பெரிய இடைவெளி நாலைந்து மடங்காகச் சுருங்கிவிடுகிறது.

நாலைந்து மடங்கும் சாதாரணமல்ல. எரிபொருளால் என்ன முடியும் என்பதற்கு ஒரு விமானத்தைச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த விமானம் அது.

[காட்சி: அட்லாண்டிக் கடலின் வரைபடம். நியூஃபவுண்ட்லாண்டிலிருந்து அயர்லாந்துக்கு ஒரு கோடு மெல்ல நீள்கிறது.]

2003 ஆகஸ்ட் 9. கனடாவின் நியூஃபவுண்ட்லாண்டில், கேப் ஸ்பியர் என்ற கடற்கரை முனை. மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர் டாம்-5 என்ற மாடல் விமானத்தைக் கையால் தூக்கி எறிந்து பறக்கவிட்டார். அப்போது அவருக்கு வயது 77. பார்வை பெரும்பாலும் போய்விட்டது, காதும் சரியாகக் கேட்காது. விமானத்தின் எடை 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, அதில் ஏறக்குறைய பாதி எரிபொருள். மூக்கில் 10 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின். முகாம் விளக்குகளுக்கு ஊற்றும் சுத்திகரித்த பெட்ரோல் வகையில் ஓடும்படி அதை மாற்றியிருந்தார்கள். 38 மணி 52 நிமிடங்கள் கழித்து, 3,000 கிலோமீட்டருக்கு மேல் கடலைக் கடந்து, அயர்லாந்தின் மேற்குக் கரையில் கிளிஃப்டன் ஊருக்கு அருகே அது இறங்கியது. 1919-இல் ஆல்காக்கும் பிரவுனும் எங்கும் நிற்காமல் அட்லாண்டிக்கைக் கடந்து முதன்முதலாக இறங்கிய பகுதியும் அதுதான். அந்த எடைக்குள் பேட்டரியை மட்டும் நம்பி இதைச் செய்ய இன்றைக்கும் வழியில்லை.

சரி, நாம் 38 மணி நேரம் பறக்கப்போகிறோமா? பத்து நிமிடம் பறந்தால் கழுத்து வலிக்க ஆரம்பித்துவிடும். அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் கணக்குப் போடுவோம்.

[காட்சி: தராசில் பொருள்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன.]

இரண்டரை கிலோ பயிற்சி விமானம். குளோ என்றால் என்ஜினும் சைலன்சரும் 490 கிராம், நிரப்பிய டேங்க் 300, என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை இழுக்க சர்வோ என்ற குட்டி மோட்டார் 40. மொத்தம் 830. மின்சாரம் என்றால் மோட்டார் 250, வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி 60, 4 செல் பேட்டரி 450. மொத்தம் 760. இந்த அளவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதைவிடச் சின்ன விமானங்களில் பேட்டரிக்குப் போட்டியே இல்லை. 20 கிராம் மோட்டார்கூடச் சமர்த்தாக ஓடும், ஆனால் 1 சிசி என்ஜினை ஸ்டார்ட் செய்து பாருங்கள், காலைப் பொழுது அதிலேயே போய்விடும்.

அப்புறம், என்ஜின் அதிரும். அந்த அதிர்வைத் தாங்க மூக்குப் பலகை தடிமனாக வேண்டும், ஸ்க்ரூக்களுக்குப் பசை போட வேண்டும், ஒவ்வொரு தடவை இறங்கியதும் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்க வேண்டும். மோட்டாருக்கு இவ்வளவு பலம் தேவையில்லை, அதனால் உடலையே இலேசாகக் கட்டலாம். துல்லியச் சாகசப் போட்டியான எஃப்3ஏ பிரிவில் விமானத்துக்கு வெகுகாலமாக 5 கிலோ வரம்பு. என்ஜின் விமானத்தை எரிபொருள் இல்லாமல் எடை போடுவார்கள், மின்விமானத்தைப் பேட்டரியோடு சேர்த்து. இந்தப் பாதகத்தோடும் அங்கே மின்விமானங்கள்தான் மேலோங்கின.

[நெருக்கக் காட்சி: குளோ என்ஜின். குளோ பிளக்கின் சுருள் கம்பி சிவந்து ஒளிர்கிறது.]

இப்போது இந்த என்ஜினின் பக்கத்தில் வாருங்கள். இதில் ஸ்பார்க் கிடையாது. இந்தக் குட்டிச் சுருள் பிளாட்டினம் கலந்த கம்பி. ஸ்டார்ட் செய்யும்போது ஒன்றரை வோல்ட் பேட்டரியால் அதைச் சிவக்க வைப்போம். என்ஜின் ஓட ஆரம்பித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். எரியும் சூடும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தில் பட்டு நடக்கும் வேதிவினையும் சேர்ந்து கம்பியைச் சிவப்பாகவே வைத்திருக்கும். எனக்கு இன்றைக்கும் இது ஆச்சரியம்தான்.

எரிபொருளில் மெத்தனாலோடு ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய், கொஞ்சம் நைட்ரோமீத்தேன். அந்த எண்ணெய் பல வகைகளில் விளக்கெண்ணெய்தான், நம் பாட்டிமார் வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுத்த அதே எண்ணெய். எரிந்து வரும் அந்த வாசனைக்காகவே இந்தப் பொழுதுபோக்கை விடாதவர்கள் உண்டு. அவர்களில் நானும் ஒருவன்.

[காட்சி: விரல்கள் நீடில் வால்வைத் திருகுகின்றன. ஒலி: என்ஜின் சத்தம் ஏறி, லேசாக இறங்குகிறது.]

என்ஜினுக்குள் போகும் எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் இந்த ஊசிதான் எல்லாம். முழு த்ராட்டிலில் ஊசியை உள்ளே திருகத் திருகச் சத்தம் மேலேறும். உச்சத்தைத் தொட்டதும் கொஞ்சம் வெளியே திருகி, புகை மெல்லிய கோடாக வரும்படி விட வேண்டும். பிறகு மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடியுங்கள். சத்தம் துளியும் குறையக் கூடாது. குறைந்தால் எரிபொருள் போதவில்லை, மேலே ஏறும்போது என்ஜின் நின்றுவிடும். காலை ஏழு மணிக்கு வைத்த ஊசியை வெயில் ஏறிய பதினோரு மணிக்குத் திரும்பச் சரிபார்க்க வேண்டியிருக்கும். இந்த வேலை பிடித்தால் குளோ என்ஜின் உங்களுக்கு ஒரு நல்ல துணை. பிடிக்காவிட்டால் நீங்கள் பறப்பதைவிட நோண்டும் நேரம்தான் அதிகமாக இருக்கும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மெத்தனால் விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்தது. மாநிலத்தில் அதை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும், அது சரியான கட்டுப்பாடு. ஆகவே எரிபொருளை வீட்டில் கலக்கும் எண்ணமே வேண்டாம். முறையாக விற்பவரிடம் வாங்க வழியிருந்தால் மட்டும் குளோவைப் பற்றி யோசியுங்கள். வாங்கியதை ஒருபோதும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். இன்னொன்று, மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

[நெருக்கக் காட்சி: பூரி மாதிரி உப்பிய ஒரு லைப்போ பேட்டரி.]

பேட்டரியும் சாது அல்ல. இதை முழுச் சார்ஜோடு அலமாரியில் வைத்துவிட்டு ஒரு கோடை முழுக்க மறந்துவிட்டேன். விளைவு இது. ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டவும் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே போகவும் கூடாது. சில நாள் பறக்கப்போவதில்லை என்றால் 3.8-க்குக் கொண்டுவந்து வையுங்கள். சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். சாத்திய காருக்குள் வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தீப்பிடித்தால் அது நின்று எரியும், வீடே போய்விடும்.

புரொப்பெல்லரில் விரல் படும் விஷயத்தில் மோட்டாரைக் கண்டுதான் எனக்கு அதிக பயம். என்ஜினை ஸ்டார்ட் செய்தால்தான் அது சுற்றும், எதிலாவது முட்டினால் பெரும்பாலும் நின்றுபோகும். பேட்டரியைச் செருகிய மோட்டாரோ ஒரு சத்தமும் இல்லாமல் காத்திருக்கும். சட்டைக் கை த்ராட்டில் குச்சியில் பட்டாலே போதும். முட்டினாலும் இன்னும் முறுக்கிச் சுற்றப் பார்க்கும். அதனால் வீட்டு மேசையில் சோதனை செய்யும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத்தான் பேட்டரியைச் செருகுங்கள்.

[காட்சி: இரண்டு மீட்டருக்கு மேல் இறக்கை விரிந்த சாகச விமானம் ஏரித் தரையில் ஓடி மேலெழுகிறது.]

பெரிய விமானம் ஆசை இருப்பவர்கள் குளோவைத் தாண்டிப் பெட்ரோலுக்குப் போய்விடுங்கள். 30 சிசி, 50 சிசி, 100 சிசி என்று டூ ஸ்ட்ரோக் என்ஜின்கள் இருக்கின்றன. சாதாரண பங்க் பெட்ரோல் ஒரு லிட்டருக்கு சுமார் 25 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். பழைய மொபெட் ஓட்டியவர்களுக்கு இந்தக் கலவை புதிதல்ல. 10 கிலோ விமானத்தை மின்சாரத்தில் பறக்கவைக்கவும் முடியும், ஆனால் பெரிய பேட்டரி ஜோடிகள் மூன்று நான்கு வேண்டும், விலை என்ஜினையே தாண்டிவிடும். பெட்ரோல் என்றால் ஒரு நிமிடத்தில் நிரப்பி மறுபடி ஏறலாம்.

அக்கா மகனுக்கு ஃபோம் விமானமும் மூன்று பேட்டரியும் வாங்கியதற்குக் காரணம் இதுதான். முதல் இருபது தடவையில் அவன் பத்துத் தடவையாவது மூக்கைத் தரையில் குத்துவான். ஃபோமைப் பசை போட்டு ஒட்டி அரை மணி நேரத்தில் திரும்பப் பறக்கலாம். மண் புகுந்த என்ஜினை முழுக்கப் பிரித்துக் கழுவ வேண்டும்.

[காட்சி: சிறுவன் கையில் டிரான்ஸ்மிட்டர். திரையில் டைமர்.]

நீங்களும் இதில் தொடங்குவதானால், முதல் நாள் டைமரை 5 நிமிடத்துக்கு வையுங்கள். மணி அடித்ததும் இறக்கி, பேட்டரியை அளந்து பாருங்கள். ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அடுத்த முறை ஒரு நிமிடம் கூட்டலாம். 3.7-க்குக் கீழே போயிருந்தால் ஒரு நிமிடத்தைக் குறையுங்கள்.