ஐ.டி.ஐ. படிக்காத வயர்மேனுக்கு உரிமம் கிடைக்குமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அன்பர்களே, வணக்கம். கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் குழியைப் பற்றிச் சென்ற காணொளியில் பேசி முடித்தபோது, உப்பையும் கரியையும் எத்தனை அடுக்காகப் போட வேண்டும் என்றுதான் நிறையப் பேர் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். கேட்டும் இருக்கிறார்கள், அவற்றுக்கு அடுத்த முறை வருகிறேன். அந்தக் கேள்விகளுக்கு நடுவே வந்த ஒன்று மட்டும் இரண்டு நாள்களாக என்னை வேறு வேலை பார்க்க விடவில்லை. திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கேள்வியை மட்டும் படிக்கிறேன்.

“ஐயா, நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். 12 ஆண்டுகளாக வயரிங் வேலை செய்கிறேன். சொந்தமாக எடுத்து முடித்துக் கொடுத்த வீடுகளே 60-க்குக் குறையாது. ஐ.டி.ஐ. படிக்காத எனக்கு அரசு உரிமம் கிடைக்குமா? கிடைத்துவிட்டால், இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவரிடம் பணம் கொடுத்து வாங்குகிற கையெழுத்தை நானே போட்டுக்கொள்ளலாமா?”

முதல் பாதிக்கு விடை, கிடைக்கும். இரண்டாம் பாதிக்கு விடை, போட முடியாது. இத்தோடு காணொளியை முடித்துக்கொண்டு எழுந்துவிடலாம்தான். ஆனால் ஈ.பி. இணைப்புக்கான அறிக்கையில் போட வேண்டிய கையெழுத்தைப் பணம் கொடுத்து வாங்குவதை, கடையில் இன்சுலேஷன் டேப் வாங்குவதைப் போல அவ்வளவு இயல்பாக அவர் எழுதியிருப்பதுதான் என்னை உறுத்துகிறது. அதனால் முதல் பாதியை முடித்துவிட்டு அங்கே போகிறேன்.

தமிழ்நாட்டில் மின்பணியாளர்களுக்கான தகுதிச் சான்றுகளையும் மின் ஒப்பந்ததாரர் உரிமங்களையும் வழங்குவது, சென்னை கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் பிரிவில் 2 ஆண்டு படித்துத் தேசியத் தொழிற்சான்று பெற்றவர்கள் ஒரு வழியாக வருகிறார்கள். வேலையிலேயே தொழில் கற்றவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, அரசு ஐ.டி.ஐ.கள் மூலமாக மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு ஒன்றை நடத்துகிறது. அதற்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வயது வரம்பு கிடையாது. வயரிங் தொழிலில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவம் இருக்க வேண்டும். தேறியவர் வாரியத்திடம் விண்ணப்பித்துச் சான்றைப் பெற்றுக்கொள்ளலாம். தேர்வின் பெயரில் உள்ள ‘உதவியாளர்’ என்ற சொல்லைப் பார்த்து, 60 வீடு முடித்த நானா உதவியாளர் என்று தம்பிக்குச் சுருக்கென்று தைக்கலாம். தைக்க வேண்டியதில்லை. என்னிடம் வேலை பார்த்த ஒருவர் 54 வயதில், புதிதாக வாங்கிய மூக்குக்கண்ணாடியோடு போய் அந்தத் தேர்வை எழுதித் தேறினார்.

தேர்வைவிட அனுபவச் சான்றில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் என் மேஸ்திரியிடம் இப்படி ஒரு சான்று கேட்டேன். மனிதர் மகிழ்ச்சியோடு வெள்ளைத் தாள் எடுத்து, “இவன் என்னிடம் வேலை பார்த்தவன், கைசுத்தம் உள்ளவன், நம்பி எந்த வீட்டுக்குள்ளும் விடலாம்” என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதை வாங்கிப் பார்த்த அலுவலர், “வயரிங் தெரியும் என்று எங்கேயும் எழுதவில்லையே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது சரி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்னென்ன வேலை, யாருடைய மேற்பார்வையில், எழுதித் தருகிறவரின் உரிம எண் என்ன என்பதெல்லாம் இல்லாத சான்று, நன்னடத்தைச் சான்றாகத்தான் நிற்கும்.

அமெரிக்காவில் இருக்கும் நேயர்கள் சிலர், அங்கும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு என்று முன்பு எழுதியிருந்தார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் ஜர்னிமேன் எலெக்ட்ரீஷியன், அதாவது பயிற்சிக் காலம் முடித்த மின்பணியாளர் ஆவதற்கு, அதற்கு மேல்நிலை உரிமம் உள்ள மாஸ்டர் எலெக்ட்ரீஷியன் ஒருவரின் மேற்பார்வையில் 8,000 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். முழுநேர வேலைக்கு அது ஏறத்தாழ 4 ஆண்டு. நம்முடைய 5 ஆண்டுக்கு மிகத் தூரத்தில் இல்லை. ஆனால் அங்கே பயிலுநராகச் சேரும்போதே அதற்கென்று ஓர் உரிமம் எடுத்தாக வேண்டும் என்பதால், கற்றுக்கொள்ள வந்தவனின் பெயர் ஆரம்பத்திலேயே பதிவேட்டில் ஏறிவிடுகிறது. நம் ஊரில் 5 ஆண்டும் ஓடி முடிந்த பிறகு, அந்தக் காலத்தில் நான் உங்களிடம்தான் இருந்தேன் என்று எழுதித் தாருங்கள் எனப் போய் நிற்கிறோம். இதை நான் குறையாகத்தான் பார்க்கிறேன்.

இனி இரண்டாம் பாதி. மெயின் போர்டைப் பற்றிய பேச்சிலிருந்து என்னைத் தொடர்ந்து பார்த்து வருகிறவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது மனப்பாடம் ஆகியிருக்கும். புதியவர்களுக்காக மீண்டும் சொல்கிறேன். நம் நாட்டு விதி ஒரு மின்பணிக்கு மூன்று பேரைக் கேட்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆம் விதியாக இருந்து, 2010-இல் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் 29-ஆவதாக வந்து, 2023-இல் வந்த புதிய ஒழுங்குமுறைகளிலும் தொடர்கிற அந்த விதி சொல்வது இதுதான்: மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வேலையை எடுக்க வேண்டும், தகுதிச் சான்று உள்ள மேற்பார்வையாளர் நேரில் நின்று பார்க்க வேண்டும், அரசு வழங்கிய அல்லது அங்கீகரித்த அனுமதி உள்ளவர் வேலையைச் செய்ய வேண்டும். தம்பி தேர்வில் தேறிப் பெறப்போவது மூன்றாமவருக்கான சான்று. ஈ.பி. இணைப்புக்காகக் கொடுக்கிற பணி நிறைவு அறிக்கையில் கையெழுத்திட வேண்டியவர் முதலாமவர். ஆகவேதான் போட முடியாது என்றேன்.

இந்த இடத்தில் எப்போதும் ஒரு குறுக்குக் கேள்வி வரும். வீட்டில் சுவிட்ச் மாற்றுவதற்குக்கூட மூன்று பேர் வேண்டுமா என்பார்கள். வேண்டாம். விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்ச் போன்றவற்றையும், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டு உபயோகக் கருவிகளையும் மாற்றிப் போடுவதற்கு விதியே விலக்குக் கொடுக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வால் உண்டு: அந்த மாற்றம் மின்னமைப்பின் கொள்ளளவையோ தன்மையையோ எவ்விதத்திலும் மாற்றக் கூடாது. பழுதான சுவிட்சைக் கழற்றி அதே போன்ற சுவிட்சைப் போட்டால் விலக்குக்குள் வருவீர்கள். அதே பெட்டியிலிருந்து வயரை நீட்டி ஏ.சி.க்குப் புதிதாக ஒரு பாயிண்ட் இழுத்தால் வெளியே போய்விட்டீர்கள். மூன்று பேஸ் மோட்டாரின் ஸ்டார்ட்டர் என்றால், ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவே 400 வோல்ட்டுக்கு மேல் நிற்பதால், 250 என்ற கோடு அங்கேயே தாண்டிவிடுகிறது. விதிக்கு மாறாகச் செய்த வேலைக்கு மின்சாரமே கொடுக்கக் கூடாது என்று அடுத்த உட்பிரிவு சொல்கிறது. அதனால்தான் அந்த அறிக்கையும், அதில் ஒரு கையெழுத்தும் தேவைப்படுகின்றன. அந்தக் கையெழுத்துக்கு ஒரு சந்தையும் உருவாகியிருக்கிறது.

கையெழுத்து விற்கிறவர்களை நான் வெளியே நின்று திட்ட முடியாது. நானும் ஒருமுறை அப்படிப் போட்டவன். ஒப்பந்ததாரர் உரிமம் பெற்ற புதிது. தெரிந்தவர் ஒருவரின் வீடு. வேலை செய்தவர் என்னைவிட அனுபவசாலி, 20 ஆண்டு கை. நான் போகவில்லை. மெயினை இறக்கிவிட்டு, பல்புகளைக் கழற்றிவிட்டு, வயரின் மேலுறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்று அளக்கிற 500 வோல்ட் மெகரை வைத்து ஒரு நிமிடம் சுற்றி அளவைப் படிக்கச் சொல்லித் தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன். குறைந்தது 1 மெக்ஓம் இருந்தால் போதும் என்கிற இடத்தில், எர்த்துக்கு எதிராக வைத்தபோது, கசிவே இல்லை என்பதுபோல் முள் கடைசி வரை போய்விட்டது என்றார். இவ்வளவு நல்ல வேலையா என்று மகிழ்ந்துபோய்க் கையெழுத்திட்டேன்.

சில மாதங்கள் கழித்து, குளியலறையில் கீசரின் குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று அந்த வீட்டு அம்மா சொல்லி அனுப்பினார். போய் மெயினை இறக்கிவிட்டு கீசர் பிளக்கின் பெட்டியைக் கழற்றினேன். சிவப்பும் கறுப்பும் ஒழுங்காக முறுக்கி, திருகுக்குள் நேர்த்தியாக உட்கார்ந்திருந்தன. பச்சை வயர் பைப்பின் வாயருகே இரண்டு அங்குலம் குறைவாக வந்து நின்று, நுனியில் டேப் சுற்றி, உள்ளே மடித்து விடப்பட்டிருந்தது. சாக்கெட்டின் மூன்றாவது துளை எதனோடும் சேரவில்லை. மெகர் முள் ஏன் கடைசி வரை போனது என்று அப்போதுதான் விளங்கிற்று. எர்த் வயர் பாதியில் நின்றுவிட்டால், அதற்கெதிராக எடுக்கிற அளவு மிக நன்றாகத்தான் வரும். மெகரோடு எர்த்தின் தொடர்ச்சியையும், அதாவது எர்த் வயர் அறுபடாமல் கடைசி வரை சேர்கிறதா என்பதையும் பார்த்திருந்தால் அந்தப் பெட்டி பிடிபட்டிருக்கும். அதைச் சொல்லிச் செய்ய வைக்க நான் அங்கே இல்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிற ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்சும் அந்த வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியில் இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது எங்களுடைய கெட்டிக்காரத்தனத்தால் நடந்தது அன்று.

வேலை செய்தவரைக் கேட்டேன். மாலை ஆறு மணி, வயர்ச் சுருள் தீர்ந்துவிட்டது, மறுநாள் வந்து மாற்றி இழுத்துக்கொள்ளலாம் என்று மடித்து வைத்தேன், மறந்துவிட்டது என்றார். அவருக்குத் தொழில் தெரியாமல் இல்லை. யாருக்கும் நேரக்கூடிய மறதிதான் அது. அந்த மறதிக்காகத்தான் விதி இரண்டாவது ஆளை அங்கே நிற்கச் சொல்கிறது. நான் விற்றது மேற்பார்வையாளர் பார்க்க வேண்டிய அந்த அரை மணி நேரத்தை.

இப்போது தம்பியிடம் வருகிறேன். அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, நான் செய்த 60 வீடுகள் யாருடைய கணக்கில் இருக்கின்றன என்பது. காகிதத்தில் அவை உங்களுடையவை அல்ல, தம்பி. ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய கையெழுத்து, அந்த வேலையை இன்னொருவர் செய்தார் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. 12 ஆண்டு உழைத்துவிட்டு இன்று 5 ஆண்டுக்குச் சான்று தேடி அலைகிறீர்கள் என்றால், அந்த அனுபவத்தை வீட்டுக்கு வீடு அழித்துக்கொண்டே வந்தது நீங்கள் கொடுத்த பணம்தான். சொல்வதற்குக் கடுமையாக இருக்கிறது. ஆனாலும் உங்கள் வீட்டில் ஒருவனாகச் சொல்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பணம் கொடுத்து அனுபவச் சான்று வாங்கித் தருகிறேன் என்று எவராவது வந்தால், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். அதே கதையின் அடுத்த அத்தியாயம் அது. உங்கள் 12 ஆண்டில் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் உண்மையிலேயே ஆளாக இருந்து வேலை பார்த்த காலம் எவ்வளவு என்று முதலில் எண்ணிப் பாருங்கள். ஆரம்ப ஆண்டுகளில் பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் இருந்திருப்போம். அது 5 ஆண்டைத் தொட்டால், அவரிடமே போய்த் தேதிகளோடும் வேலை விவரத்தோடும் உரிம எண்ணோடும் எழுதி வாங்குங்கள். ‘கைசுத்தம்’ என்பதையும் அவர் சேர்த்து எழுதினால் தடுக்க வேண்டாம். குறைகிறது என்றால், உரிமம் உள்ள ஒருவரிடம் பதிவேட்டில் பெயர் ஏறும்படி சேர்ந்து, மீதியை அங்கே நிறைவு செய்யுங்கள். சொந்தமாக வேலை எடுத்துப் பழகியவருக்கு அது கசக்கும். பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யில் தேர்வு அறிவிப்பு எப்போது வருகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படிக்கிற வேலையை இன்றே தொடங்கலாம்: இந்தியத் தர நிர்ணய ஆவணங்களில் வயரிங்குக்கு ஐ.எஸ். 732, எர்த்துக்கு ஐ.எஸ். 3043. நீங்கள் கையால் செய்கிறவற்றுக்கு அங்கே எழுத்தில் காரணம் இருக்கிறது.

சான்று கிடைத்த பிறகு, தகுதிச் சான்று உள்ள மேற்பார்வையாளரை முழுநேர வேலைக்கு வைத்து, மெகர், எர்த் டெஸ்ட்டர் போன்ற கருவிகளைச் சொந்தமாக வாங்கி, நீங்களே ஒப்பந்ததாரர் உரிமத்துக்கு விண்ணப்பிப்பது அடுத்த கட்டம். அன்றைக்கு உங்கள் கையெழுத்தை நீங்கள் போடலாம். சான்றையும் உரிமத்தையும் காலாவதியாக விடாமல் புதுப்பிப்பதைப் பற்றி இன்னும் மூவர் கேட்டிருக்கிறார்கள். உப்பும் கரியும் முடிந்த பிறகு அதற்கு வருகிறேன். தம்பி, உங்கள் பழைய மேஸ்திரி சான்று தர மறுத்தால், என்ன காரணம் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.