யாரும் உள்நுழையாமலே ஓடும் நிரல்

நேயர்களுக்கு வணக்கம்.

பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றில், தொட்டியின் வெப்பநிலையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவைக்கும் சிறிய நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். ஓர் இரவு ஒரு மணிக்கு மின்சாரம் போய்ச் சற்று நேரத்தில் திரும்பியது. கணினியும் தானாகவே எழுந்துகொண்டது. ஆனால் காலை ஆறு மணிக்கு ஊழியர் வந்து பார்த்தபோது, திரையில் கடவுச்சொல் கேட்கும் பெட்டி மட்டும் நின்றது. பால் இரவு முழுவதும் நான்கு டிகிரியில் இருந்ததா என்று சொல்ல ஒரு பதிவும் இல்லை. நிரலை நான் விண்டோஸின் ஸ்டார்ட்அப் கோப்புறையில் போட்டிருந்ததே காரணம். பெயரில் ‘தொடக்கம்’ இருந்தாலும், அந்தக் கோப்புறை கணினி தொடங்கும்போது அன்று, ஒருவர் உள்நுழைந்த பிறகே வேலை செய்கிறது.

கடவுச்சொல்லே கேட்காமல் கணினி தானாக உள்நுழையும்படி அமைத்துவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். அது வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போவதற்குச் சமம் என்பதால் அதை நான் ஏற்பதில்லை. நிரலை ஒரு மனிதரின் கணக்கிலிருந்து எடுத்து இயங்குதளத்தின் பொறுப்பில் விடுவதே சரியான வழி. விண்டோஸில் இதற்கு, குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலர் இருக்கிறது. அதில் புதிய பணி ஒன்றை உருவாக்கி, தொடங்கும் நேரமாக ‘அட் ஸ்டார்ட்அப்’ என்பதைத் தேர்ந்து, பயனர் உள்நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இயக்கு என்ற வாய்ப்பையும் குறித்துவிட வேண்டும்.

இத்துடன் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் நிரல் ஓடிக்கொண்டிருந்தது, பதிவுக் கோப்பை மட்டும் காணவில்லை. தேடித் தேடி, விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறைக்குள் அதைக் கண்டெடுத்தேன். எந்தக் கோப்புறையிலிருந்து தொடங்க வேண்டும் என்று ‘ஸ்டார்ட் இன்’ கட்டத்தில் நான் எழுதாததால், நிரல் அங்கே நின்று எழுதியிருக்கிறது. பணியை நான் விண்டோஸின் உச்ச அதிகாரம் கொண்ட சிஸ்டம் கணக்கில் ஓடவிட்டிருந்ததால் அதைத் தடுப்பாரும் இல்லை. அவ்வளவு அதிகாரம் ஒரு வெப்பநிலைப் பதிவுக்குத் தேவையில்லை என்று உணர்ந்து, குறைந்த உரிமையுள்ள லோக்கல் சர்வீஸ் கணக்குக்கு அதை மாற்றி, பதிவுக் கோப்புறையில் மட்டும் எழுத அனுமதி கொடுத்தேன்.

அந்தப் பணியின் அமைப்புகளில், நாம் கேட்காமலே குறியிடப்பட்டிருக்கும் இரண்டு வாய்ப்புகளையும் நீக்க வேண்டும். ஒன்று, மூன்று நாளுக்கு மேல் ஓடினால் பணியை நிறுத்திவிடும். மற்றொன்று, கணினி மின் இணைப்பில் இருந்தால்தான் பணியைத் தொடங்கும். மடிக்கணினியை வைத்து இப்படிப்பட்ட வேலை செய்பவர்களை இது காரணம் தெரியாமல் அலைக்கழிக்கும்.

இப்படி ஓடும் நிரலுக்குத் திரை கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா முதல், பின்னணிச் சேவைகள் பயனரின் திரையிலிருந்து பிரிக்கப்பட்ட தனி அமர்வில் ஓடுகின்றன. ‘சரி’ என்ற பொத்தானை அழுத்தச் சொல்லி நிரல் ஒரு பெட்டியைக் காட்டினால், அதை அழுத்த யாரும் வரமாட்டார்கள். நிரல் அங்கேயே காத்துக் கிடக்கும். நீங்கள் உள்நுழைந்து இணைத்துவைத்த பிணைய டிரைவ்களும் அதன் கண்ணுக்குத் தெரியாது.

லினக்ஸ் இயங்குதளத்தில், சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி இந்த வேலையைச் செய்கிறது. நிரல் எங்கே இருக்கிறது, யாருடைய பெயரில் ஓட வேண்டும், விழுந்தால் மறுபடி எழுப்ப வேண்டுமா என்பதையெல்லாம் பத்து வரிக்குள் ஒரு சேவைக் கோப்பில் எழுதிவிடலாம். விழுந்ததை எழுப்பும் அந்த ஒரு வரிக்காகவே எனக்கு அது பிடிக்கும்.

எந்த முறையானாலும் சோதனை ஒன்றுதான். கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டுக் கடவுச்சொல்லைத் தொடாமல் பத்து நிமிடம் காத்திருங்கள். பிறகு உள்நுழைந்து, மறுதொடக்கத்துக்குப் பிறகு பதிவான முதல் வரியிலுள்ள நேரம் நீங்கள் உள்நுழைந்த நேரத்துக்கு முந்தியதா என்று பாருங்கள்.

வணக்கம்.