நிணநீர்க் கணுவின் சுவர்

அவைத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, அழைப்பிதழ் முதல் மைக் வரை ஓடியாடிப் பார்த்துக்கொண்ட மாணவர் மன்றத் தம்பிகளே, செவிலியர் சகோதரிகளே, இடமில்லாமல் வாசலில் நின்று கேட்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த முதல்வர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

நிணநீர்க் கணு, அதாவது வெள்ளையணுக்கள் கூடும் சிறு முடிச்சு, அதில் செல்லுக்கு வெளியே இருக்கும் புரதங்களைப் பற்றியும், எச்.ஐ.வி. அவற்றைக் கெடுப்பதைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம். நோய் எதிர்ப்பு என்றாலே வெள்ளையணுவைத்தான் சொல்கிறோம். அது ஊன்றி நிற்க ஓர் இடம் வேண்டாமா?

நிணநீர்க் கணுவை மெல்லிய சீவலாக அறுத்து, வெள்ளிச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். கறுப்பு நூலாக ஒரு வலை தெரியும். உள்ளே கொல்லாஜன் என்ற நார்ப்புரதம், சுற்றிலும் லேமினின் என்ற இன்னொரு புரதம் சேர்ந்த உறை. அந்த நூலைச் சுரக்கும் செல்கள்மேல்தான் டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் ஊர்கின்றன. அவை உயிர்வாழத் தேவையான ஐ.எல்.-7 புரதமும் அங்கேதான் கிடைக்கிறது.

எச்.ஐ.வி. இந்த வலையையும் கெடுக்கிறது. கொல்லாஜன் கண்டபடி படிந்து தழும்பாகிறது. டி அணுவுக்கு ஐ.எல்.-7 எட்டாமல் போகிறது, அணு மடிகிறது. அப்புறம் மாத்திரை வைரஸை அடக்கினாலும் தழும்பு லேசில் போவதில்லை. பலருக்கு சிடி4 எனும் டி அணு வகையின் எண்ணிக்கை பழைய நிலைக்கு ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மாணவர்களே, 1986-இல் நம் சென்னையில் நடந்ததைக் கேளுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவுக்கு எச்.ஐ.வி.யை ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார். நம் ஊருக்கு அதெல்லாம் வராது என்று பலரும் நம்பிய காலம். நிர்மலா தயங்கினார். கணவர்தான் தைரியம் சொல்லி, ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். பாலியல் தொழிலாளிப் பெண்கள் வைக்கப்பட்டிருந்த காப்பகத்தில் நிர்மலா ரத்த மாதிரிகள் எடுத்தார். அவற்றை எங்கே வைத்தார் தெரியுமா? வீட்டு ஃப்ரிட்ஜில்! பிறகு ஐஸ் பெட்டியோடு ராத்திரி ரயிலேறி, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது தொற்று இருந்தது. அமெரிக்காவில் மறுபடி சோதித்தும் அதே முடிவு. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்போதுதான் தெரிந்தது. தேடிப் பார்த்ததால் தெரிந்தது!

சுவர் இருந்தால்தான் சித்திரம். முன்பெல்லாம் சிடி4 குறையும்வரை காத்திருந்து மாத்திரை கொடுத்தோம். அதற்குள் நிணநீர்க் கணுவில் தழும்பு ஏறிக்கொண்டிருந்தது. 2017 முதல், தொற்று உறுதியானால் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் சிகிச்சை தொடங்கலாம். ஆனால் பரிசோதனைக்கே ஆள் வராவிட்டால்? சரி, கூச்சம் இருக்கும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், முடிவை வெளியே சொல்லமாட்டார்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். கூட வரச்சொன்னால், கூடப் போங்கள்.