கூடுவாஞ்சேரி டு ஆயிரம் விளக்கு: நான்கு வாரம், நான்கு வழி, ஒரு நாற்பது பக்க நோட்டு

வணக்கம் மக்களே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். காற்றுச் சத்தமும் நடுநடுவே ரயில் சத்தமும் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருப்பது என் மகனுடைய பழைய நாற்பது பக்க நோட்டு. முன்பக்கம் அவன் எழுதிய அ, ஆ, இ. பின்பக்கத்தில் இருந்து நான் எழுதியிருக்கிறேன். காலையில் வீட்டைப் பூட்டிய நேரம், ஆபீஸில் போய் உட்கார்ந்த நேரம். மாலையில் ஆபீஸை விட்டுக் கிளம்பிய நேரம், அவனைக் காப்பகத்தில் இருந்து கூட்டிக்கொண்ட நேரம். நான்கு வாரம், வாரத்துக்கு ஒரு வழி.

நாங்கள் சென்னை சைதாப்பேட்டையில் இருந்து, தெற்கே புறநகரில் இருக்கும் கூடுவாஞ்சேரிக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. அங்கே ஒரு படுக்கையறைக்குக் கொடுத்த வாடகையில் இங்கே இரண்டு படுக்கையறையும், துணி காயப்போட ஒரு பால்கனியும், நல்ல தண்ணீரும் கிடைத்தது. என் வேலை ஆயிரம் விளக்கில், அண்ணா சாலையை ஒட்டி. முன்பு அரை மணி நேரத்துக்குள் போய்விடுவேன். இப்போது போக ஏறக்குறைய 40 கிலோமீட்டர், வரவும் அதே 40. வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் வேலை. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடுவது அவர், மாலையில் காப்பகத்தில் இருந்து கூட்டி வருவது நான். காப்பகம் ஏழு மணிக்கு மூடும். இந்த ஏழு மணியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரைப் பற்றி இரண்டே வரி. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் நாளைக்கு ஐந்து லிட்டருக்கு மேல். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும்போது மாதம் பன்னிரண்டாயிரம் அதிலேயே போகும், பார்க்கிங் தனி. வாடகையில் மிச்சம் பிடித்ததை எல்லாம் ஜிஎஸ்டி ரோட்டில், அதாவது தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலையில், ஊற்ற எனக்கு மனம் இல்லை.

முதல் வாரம் ஸ்கூட்டர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஐந்து நாள் சராசரி பார்த்தால் நான்கு வழிகளிலும் வேகமானது இதுதான். செவ்வாய்க்கிழமை ஒரு மணி பத்து நிமிடத்தில் ஆபீஸில் இருந்தேன். வண்டி லிட்டருக்கு 45 கொடுக்கிறது, நாளைக்கு 180 ரூபாய், மாதம் 22 வேலை நாள் என்றால் நாலாயிரத்துக்குப் பக்கம். ஆனால் புதன்கிழமை மழை. பெருங்களத்தூரில் நின்றேன், இரும்புலியூரில் நின்றேன், பல்லாவரம் தாண்டியதும் கத்திப்பாரா வரைக்கும் காலை ஊன்றிக்கொண்டே போனேன். அன்று இரண்டு மணி நேரம். லாரிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் நடுவில், தண்ணீர் தேங்கி எங்கே பள்ளம் என்று தெரியாத ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது மனதில் ஒரே எண்ணம்தான்: எனக்கு ஏதாவது ஆனால் பிள்ளை யாரோடு? வெள்ளிக்கிழமை இரவு குனிந்து அவன் ஷூ லேஸைக் கழற்ற முடியவில்லை, இடுப்பு அப்படிப் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது வாரம் ஸ்கூட்டரில் மீனம்பாக்கம் மெட்ரோ வரை, அங்கே வண்டியை நிறுத்திவிட்டு மெட்ரோவில் ஆயிரம் விளக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கும், நிறைய பேர் கமென்ட்டில் சொன்னதும் இதுதான். மெட்ரோவுக்குள் ஏறிவிட்டால் குளிர்ச்சி, நேரம் துல்லியம், டிக்கெட் அதிகபட்சமே 50 ரூபாய். ஆனால் கூடுவாஞ்சேரியில் இருந்து போகிறவர்களுக்கு ரோட்டின் மோசமான பகுதி எது? வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம். அந்த முழுப் பகுதியையும் நீங்கள்தான் ஓட்டிக் கடக்கிறீர்கள். ஓரளவு நகரும் இடம் வந்த பிறகு மெட்ரோவில் ஏறுகிறீர்கள். வியாழக்கிழமையே எனக்கு இது புரிந்துவிட்டது.

விமான நிலையத்தில் இருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை நீட்டுவதற்குத் திட்டம் இருக்கிறது. 15.46 கிலோமீட்டர், 13 ஸ்டேஷன். அது வந்தால் இந்தப் பக்கம் இருப்பவர்கள் வாழ்க்கையே மாறும், நானும் ஆசையாகக் காத்திருக்கிறேன். ஆனால் வீட்டுத் தரகர் "மெட்ரோ வரப்போகிறது மேடம்" என்று சொல்வதை வைத்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இன்று ஓடும் வண்டியை வைத்து வீடு பாருங்கள்.

மூன்றாவது வாரம் பஸ். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, நகரத்துக்குள் போகும் மாநகரப் பேருந்துகள் அங்கிருந்தே கிளம்புகின்றன. முனையத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்தில் இருந்து டிக்கெட்டே இல்லை. ஆண்களுக்கு ஆயிரம் ரூபாய் மாதப் பாஸ், ஏசி பஸ்ஸிலும் போக வேண்டும் என்றால் இரண்டாயிரம். செலவை மட்டும் பார்த்தால் பஸ்ஸை அடிக்க எதுவும் இல்லை. என்னோடு ஏறிய அக்கா ஒருவர் தி.நகரில் துணிக்கடையில் வேலை செய்கிறார். "அந்த டிக்கெட் காசில்தான்மா என் பொண்ணு டியூஷன் போகுது" என்றார். அந்த வார்த்தையின் எடை எனக்குத் தெரியும், அதனால் பஸ் வேண்டாம் என்று யாரிடமும் நான் சொல்ல மாட்டேன்.

என் கதை வேறு மாதிரி போனது. நல்ல நாளில் ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். பிறகு அந்த வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜிஎஸ்டி ரோட்டில் என்ன நடக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். தெற்கே ஊருக்குப் போகிற கார், ஆம்னி பஸ், கிளாம்பாக்கத்தில் பஸ் பிடிக்கப் பெட்டியோடு போகிற கூட்டம், எல்லாம் ஒரே ரோட்டில், ஒரே திசையில். வீட்டுக்குப் போகிற நாங்களும் அதே திசை. அதற்கு முன்னாலேயே தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில், 2024இல் தொடங்கிய மேம்பால வேலை நடக்கும் இடத்தில் பஸ் ஊர்ந்தது. ஐந்தரைக்கு ஆபீஸை விட்டேன். ஏழு மணிக்கு நான் இருந்த இடம் பெருங்களத்தூர். காப்பகத்துக்குப் போன் செய்து "வந்துகொண்டே இருக்கிறேன்" என்றேன், பதினைந்து நிமிடம் கழித்தும் அதையே சொன்னேன்.

ஏழு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். எல்லா விளக்கும் அணைத்தாகிவிட்டது, வாசல் விளக்கு மட்டும் எரிந்தது. பையை முதுகில் மாட்டி, ஷூவைப் போட்டுக்கொண்டு, ஆயாம்மா பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அழவில்லை. "அம்மா, எல்லாரும் போயிட்டாங்க" என்றான். அந்த ஆயாம்மாவுக்கும் வீட்டில் யாரோ காத்திருப்பார்கள் அல்லவா? ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை அவர்.

அன்று இரவு இந்த நோட்டைத் திறந்து, நான் போட்டு வைத்திருந்த சராசரிக் கணக்கை எல்லாம் அடித்துவிட்டேன். இதோ, அடித்த கோடு தெரிகிறதா? அதற்குப் பக்கத்தில் ஒவ்வொரு வழிக்கும் ஒரே ஒரு எண்ணை எழுதினேன்: இருப்பதிலேயே மோசமான நாளில் எவ்வளவு நேரம் ஆனது. ஸ்கூட்டர் இரண்டு மணி. மீனம்பாக்கம் வழி ஒன்று ஐம்பது. பஸ் இரண்டு இருபது. பிள்ளைக்கு சராசரி தெரியாது மக்களே, அவனுக்கு அன்றைய நாள்தான் தெரியும்.

சரி, நான்காவது வாரம். கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறி கிண்டி வரை, கிண்டியில் இருந்து மெட்ரோவில் ஆயிரம் விளக்கு.

நியாயமாகப் பார்த்தால் நான் முதலிலேயே இதில்தான் தொடங்கியிருக்க வேண்டும். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931இல் இருந்து ஓடுகிறது. அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான் குரோம்பேட்டையும் பல்லாவரமும் இப்படி வளர்ந்தன. நான் தள்ளிப்போட்டதற்குக் காரணம் கூட்டத்துக்குப் பயம், அதோடு வீட்டில் இருந்து ஸ்டேஷன் இரண்டரை கிலோமீட்டர். முதல் நாள் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்து கண் முன்னாலேயே வண்டியை விட்டேன். தாம்பரத்தில் ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி கிடைக்கும், இங்கே அப்படி இல்லை. செங்கல்பட்டில் இருந்து வருவதுதான் நமக்கு. ஒன்றை விட்டால் கால் மணி, சில நேரம் அரை மணி. இந்த வழியில் உங்கள் நேரத்தைத் தின்பது ரயில் கிடையாது, வீட்டுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டரை கிலோமீட்டர்தான். மறுநாளில் இருந்து ஸ்கூட்டரை ஸ்டேஷன் ஸ்டாண்டில் விட்டேன், மாதப் பாஸ் போட்டேன். எட்டு நிமிடம், அவ்வளவுதான்.

லேடீஸ் கம்பார்ட்மென்டில் காலை ஏழு பத்துக்கு ஏறினால் பாதி நாள் இடம் கிடைக்கும், பாதி நாள் தாம்பரத்தில் யாராவது எழுந்து கொடுப்பார்கள். எதிர்த்திசை வண்டி பொத்தேரிக்குப் போகிற காலேஜ் பிள்ளைகளால் பிதுங்கும், நம் பக்கம் கூட்டம் தாம்பரத்தில்தான் சேரும். உள்ளே கீரை ஆய்கிறார்கள், பூக் கட்டுகிறார்கள், ஒரு பெண் தினமும் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவர்களை எல்லாம் வீடியோ எடுக்கவில்லை, அது அவர்களுடைய நேரம்.

முக்கால் மணியில் கிண்டி. ரயில் ஸ்டேஷனும் மெட்ரோ ஸ்டேஷனும் பக்கம் பக்கம்தான். கிண்டியில் ஏறினால் சின்னமலை, சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை, டிஎம்எஸ், அப்புறம் ஆயிரம் விளக்கு. எழும்பூர் வரை ரயிலிலேயே போய் பஸ் மாறியும் பார்த்தேன், இருபது நிமிடம் கூடுதல். ரயில் சீசன் டிக்கெட் மாதத்துக்கு முந்நூறு ரூபாயைத் தாண்டாது. ஸ்கூட்டருக்கு இரண்டு நாள் போட்ட பெட்ரோல் காசு அதைவிட அதிகம்! மெட்ரோவுக்குக் கார்டு வைத்துக்கொண்டால் 20 சதவீதம் குறையும். ரயில், மெட்ரோ, பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்க 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் ஆப் இருக்கிறது, எப்போதாவது நகரத்துக்குள் வருகிறவர்களுக்கு அது வசதி.

ஏசி மின்சார ரயிலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2025 ஏப்ரலில் இருந்து ஓடுகிறது, கட்டணம் 35 முதல் 105 வரை. மே மாதத்தில் ஏறினால் இறங்க மனம் வராது. ஆனால் நாளைக்குச் சில நடைகள்தான், என் நேரத்துக்கு ஒத்துவரவில்லை.

வீட்டுக் கதவில் இருந்து ஆபீஸ் வரை நல்ல நாளில் ஒன்று இருபது. மோசமான நாளில், பிளாட்பாரத்தை மாற்றி அறிவித்து எல்லோரும் படியேறி ஓடிய அந்தப் புதன்கிழமையில்கூட, ஒன்று நாற்பத்தைந்து. ஸ்கூட்டரின் நல்ல நாளை ரயில் தொடாது. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமும் ஒன்றரை மணிதான். பெருங்களத்தூரில் ரோடு முழுக்கச் சிவப்பு விளக்காக நிற்க, நான் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது எனக்கு.

ரயிலும் நிற்கும். 2023 டிசம்பர் புயலில் மின்சார ரயிலையே நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்பு வேலை என்று வண்டிகளைக் குறைப்பார்கள். அதற்காகக் காப்பகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பாட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படி ஒரு நாள் வந்தால் அவர் போய்க் கூட்டிக்கொள்வார்.

ஒரு கணக்கு இன்னும் இடித்தது. ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்று நாற்பத்தைந்து ஆனால் ஏழேகால். பதினைந்து நிமிடம் உதைக்கிறது. இந்த நோட்டை எடுத்துக்கொண்டு மேலாளரிடமே போனேன். காட்டினேன். காலையில் அரை மணி முன்னால் வருகிறேன், மாலையில் ஐந்து மணிக்கு விடுங்கள் என்றேன். பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார், சரி என்றார். ஐந்து மாதமாகக் கேட்கத் தயங்கிய விஷயம், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. உங்கள் ஆபீஸிலும் கேட்டுப் பாருங்கள், எழுதி வைத்த நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இந்தப் பக்கம் வீடு தேடுகிறவர்களுக்கு ஒன்று. தரகர் கூப்பிடும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்க்காதீர்கள், அன்றைக்கு ரோடு காலியாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை உங்கள் ஆபீஸில் இருந்து கிளம்பி அந்த வீட்டு வாசல் வரைக்கும் வாருங்கள். ஸ்டேஷனுக்கு நடந்தே போகிற தூரத்தில் இருந்தால் ஆயிரம், இரண்டாயிரம் கூடுதல் வாடகை கேட்டாலும் யோசியுங்கள். எங்கள் ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, அதற்குள் ஸ்டேஷன் பக்கமாக ஒரு வீடு பார்த்துவிட வேண்டும் என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

ஆவடி, திருவள்ளூர் பக்கம், கேளம்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் உங்கள் மோசமான நாளின் நேரத்தைக் கமென்ட்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோவில் படிக்கிறேன். கீழே கூப்பிடுகிறான், தோசை வேண்டுமாம். வருகிறேன் மக்களே.